மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

வாடிய வேப்பிலையின் கசந்த வாசனையும் கரும்பாலையின் பாகு வாசனையும் சேர்ந்து அடித்தால், எறையூரில் நான்காம் வகுப்புப் படித்தபோது அம்மை போட்டுக் கிடந்த அந்த மாசி மாதம் எனக்கு அப்படியே நினைவுக்கு வந்துவிடும். மக்காச்சோள மூட்டைகள் அடுக்கிய அறையில் என்னைத் தனியே படுக்கவைத்து, "ஆத்தா வெளையாடுறா, யாரும் உள்ள போவாதீங்க" என்று அம்மா நிலையில் வேப்பங்கொத்தைச் செருகிவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் உள்ளே நகர்ந்து வரும். மற்றபடி பெரம்பலூர் பஸ் போகும் சத்தம்தான் துணை.

நானோ சரியான வாயாடி. தம்பி சரவணனுக்கும் வந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே கிடக்கலாமே என்று என் புத்தி போயிற்று. அம்மா காட்டு வேலைக்குப் போன ஒரு மத்தியானம் அவனைக் கூப்பிட்டு என் போர்வைக்குள்ளேயே உட்காரவைத்துக்கொண்டேன். அதன்பின் தினமும் கதவிடுக்கு வழியாக அவன் முகத்தில் கொப்புளம் தேடினேன். ஒன்றையும் காணோம். வேப்பிலைத் தண்ணீரை மூன்றாம் முறையும் தலைக்கு ஊற்றி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அவனுக்குப் போட்டது; அதே அறையில் அவன் தனியே கிடந்தான்.

எனக்கு அப்போது என்ன தெரியும்? வைரஸ் என்பது புரதக் கூட்டுக்குள் சுருட்டி வைத்த ஒரு மரபு இழை, அவ்வளவுதான். அம்மை வைரஸுக்கு மேலே கொழுப்புப் போர்வை ஒன்றும் உண்டு. அது தின்னாது, மூச்சு விடாது. நம் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லை வேலை வாங்கித்தான் தன்னைப் போலப் பலவற்றைச் செய்துகொள்ளும், அது கொப்புளமாக வெளியே தெரிய இரண்டு வாரம்போல ஆகும். "தனியா கெடந்தா அதுக்கு உசுரே இல்ல புள்ள" என்று பிற்பாடு அறிவியல் டீச்சர் சொன்னபோது எனக்குத் தம்பி ஞாபகம்தான் வந்தது.

ஒரு தடவை பட்ட உடம்பு அந்த வைரஸை அடையாளம் வைத்திருந்து விரட்டிவிடும் என்றும் அவர்தான் சொன்னார். அப்படியென்றால் நான் பயமில்லாமல் அவன் பக்கத்தில் இருந்திருக்கலாம். "தண்ணி ஊத்துன புள்ள திரும்ப உள்ள போனா ஆத்தா கோச்சுக்குவா" என்று அம்மா சொன்னதைச் சாக்காக வைத்து, நான் வெளியே பாண்டி விளையாடிக்கொண்டிருந்தேன்.

இப்போது தடுப்பூசி வந்துவிட்டது; நிலையில் வேப்பங்கொத்தை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். மூட்டை அறையையும் இடித்தாயிற்று. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பிக்குப் போன மாதம் முதுகில் அக்கி. அன்று வந்த அதே வைரஸ்தான் இத்தனை வருடம் நரம்பில் பதுங்கியிருந்து எழுந்ததாம். அறையில் தனியாகப் படுத்திருந்தவனிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவான் என்று நினைத்தேன்.

"நீ கொடுத்தது எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றான். "உனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே, எப்படியும் நீ உள்ள வந்துருவேன்னு கதவையே பாத்துட்டுக் கெடந்தேன்."