பத்மநாதன் அண்ணையின் நிச்சயங்கள்

மகள் கௌசியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் யோகமலர் அதைக் கைப்பைக்குள் ஒளித்துவிடுவாள். ஏழாம் மாடிப் பத்மநாதன் அண்ணை லிஃப்டில் கண்டுவிட்டால், "தங்கச்சி, கண்ணாடி மாத்தினனான். எழுத்துத் தெரியுதோ எண்டு பாக்கோணும், ஏதும் கடிதம் கிடந்தால் தாங்கோ" என்று வாங்கி, முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் வாசிப்பார். ஐந்து வருடத்தில் எத்தனை கண்ணாடி மாற்றினாரோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. உலகத்தில் எது நடந்தாலும் "உது எனக்கு முதலே தெரியும்" என்பார். பெர்லின் சுவர் விழுந்ததும் தெரியும், சோவியத் உடைந்ததும் தெரியும்.

"முதலே தெரிஞ்சால் முதலே சொல்லலாம்தானே அண்ணை" என்று யோகமலர் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றுமுதல் நடக்கப்போவதை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அவளுடைய சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் வைக்கக் கொடுப்பார். நடந்தபிறகுதான் பிரிக்கலாம்.

"கியூபெக் கனடாவை விட்டுப் பிரியும், நிச்சயம்" என்று எழுதினார். பிரியவில்லை. "அரை வீத வாக்கால தப்பினது. அதைப் பிழையெண்டு சொல்லேலாது" என்றார். "லண்டனில ஆட்சி மாறாது, நிச்சயம்" என்று எழுதினார். மாறியது. எழுதிக் கொடுத்த ஒன்றாவது பலித்ததில்லை.

அந்தத் தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையில் லண்டனிலிருந்து அக்காவின் கணவர், அத்தான், தொலைபேசி எடுத்தார். "கனடாவில எங்க படிப்பு? மட்டையில படம் ஒட்டுறதுதான். கௌசியை இஞ்சை விடு, ஏ லெவல் படிக்கட்டும்."

"அங்க பதினாறு வயசிலயே மூண்டு பாடத்துக்குள்ள அடைச்சுப்போடுவாங்கள் அம்மா" என்றாள் கௌசி. "இஞ்சை நான் கணக்கும் படிப்பன், நாடகமும் படிப்பன். ஐ ஆம் நொட் கோயிங்."

யோகமலரைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தவரே அத்தான்தான். அவர் பேச்சை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. பிள்ளை இல்லாத வீட்டை நினைக்கவும் முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எந்த நாட்டுப் படிப்பு நல்லதென்று எதை வைத்துச் சொல்வேன் என்று அண்ணையிடம் போய் அழுதாள். அவர் ஓர் உறையை ஒட்டிக் கொடுத்தார்.

விமான ரிக்கெற் எடுக்க வேண்டிய நாள் வந்தது. யோகமலர் விளக்கேற்றி, முருகனிடம் மன்னிப்புக் கேட்டு, முதல் தடவையாக முன்கூட்டியே உறையைப் பிரித்தாள்.

"பிள்ளை லண்டனுக்குப் போகும். நிச்சயம்." கீழே இரண்டு கோடு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. லண்டனுக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை இஞ்சையே படிக்கட்டும் அத்தான்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் லிஃப்டில், "இதுவும் பிழைச்சுப்போச்சு அண்ணை" என்றாள்.

"உது எனக்கு முதலே தெரியும்" என்றார்.

அடுத்த வருடம் அண்ணை தன் மகனோடு பிக்கரிங் நகருக்குக் குடிபோனார். அந்தப் பனிக்காலத்திலேயே அவர் காலமாவார் என்று யாருக்குத் தெரியும்? பெட்டிகளைக் காரில் ஏற்றிய அன்று, "திரும்பி எப்ப அண்ணை வருவீங்கள்? எழுதித் தாங்கோ, முருகனுக்குப் பின்னால வைக்கிறன்" என்று யோகமலர் பகிடியாகக் கேட்டாள்.

"தைப்பொங்கலுக்கு வருவன் தங்கச்சி" என்றார். "ஆனால் எழுதித் தரமாட்டன். எழுதினால் பிழைச்சுப்போம்."