மீசை வைத்த எங்கள் முனியப்பன்

ஆனைமுகத்துப் பெருமானே, கலங்கிய நெஞ்சோடு எழுதுகிறேன், துணை நில். இன்று வளர்பிறைத் துவிதியை, வியாழக்கிழமை.

பணி ஓய்வுக்குப் பின், வார இறுதிகளில் ராசிபுரத்தில் பஸ் ஏறிச் சேலம் சென்று ஆசியக் கலை வரலாறு படிக்கிறேன். ஐம்பது ஆண்டுகளாகத் திருமுறை ஓதிய நாக்குக்கு, சாமியைக் 'கலைப்பொருள்' என்று சொல்லவே கூசுகிறது. என்ன செய்ய? சிலபஸ்.

அவரவர் ஊர்ச் சிற்பம் ஒன்றின் போட்டோவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஆசிரியை ஸ்டெல்லா. வெண்ணந்தூர்ப் பக்கம் வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கும் எங்கள் குலசாமி முனியப்பனைப் பெருமையோடு காட்டினேன். முறுக்கு மீசை, சிவந்த கண், பட்டு வேட்டி, பக்கத்தில் அரிவாள்.

ஆசிரியை படத்தைத் திரையில் பெரிதாக்கினார். பெயின்ட்டையும் வேட்டியையும் மறந்துவிட்டுப் பாருங்கள் என்றார். பார்த்தேன்... சம்மணமிட்ட கால்கள். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கைகள். தலைக்கு மேலே மூன்றடுக்குக் குடை – மழைக்கு வைத்த கல் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன்!

"ஐயா, இவர் சமணத் தீர்த்தங்கரர் மாதிரி தெரியுது. எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதுன்னு சொன்னவங்க."

வரும் ஞாயிறு அந்த முனியப்பன் முன்னால்தான் பேத்திக்கு முதல் மொட்டை. கிடா வெட்டுவதாக வேண்டுதல். பங்காளிகளுக்கெல்லாம் சொல்லியாயிற்று. வெட்டினால் பாவமா? வெட்டாவிட்டால் வாக்குத் தவறிய குற்றமா? விடையை எந்தப் பதிகத்தில் தேடுவேன்?

மனைவியிடம் சொன்னேன். "படிக்கப் போனீங்களா, கொலசாமிய மாத்தப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டு, மளிகைப் பட்டியலைத் தொடர்ந்தாள்.

பூசாரி சின்னத்தம்பியைத் தேடிப் போனேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"ஏனுங்க சாமி, கெடா வெட்டையில அவரு முன்னால திரை புடிக்கறமில்லீங்க? அவரு ரத்தம் பார்க்க மாட்டாருன்னு எங்கப்பாரு சொல்லுவாருங்க. ஏன்னு அவருக்கும் தெரியாதுங்க."

எத்தனை முறை அந்தத் திரையின் நுனியை நானே பிடித்திருக்கிறேன்... ஒரு முறையாவது கேட்டேனா? பெயரை மறந்த ஊர், அவர் மனத்தை மட்டும் மறக்கவில்லை.

திரை இருக்கையில் கவலை எதற்கு என்றார் பூசாரி. கண்ணுக்குத் திரை சரி, காதுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அப்படீன்னா ஓடைக்கு அந்தப்பக்கம் வெட்டிக்கலாமுங்க."

ஒப்புக்கொண்டேன். இது பக்தியா, பயமா, கோழைத்தனமா? தெளியவில்லை. ஆசிரியை கொடுத்திருந்த பாடப் படிவத்தில் 'சிற்பத்தின் பெயர்' என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: 'உறுதியில்லை. ரத்தம் பார்க்க மாட்டார்.'

வாசிக்கும் உங்கள் குலத்தையெல்லாம், உங்கள் சாமி – அவர் யாராக இருந்தாலும் – குறைவின்றிக் காக்கட்டும்.