நாலு எண்ணுவதற்குள் நின்றுவிட்ட கணினி

கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் டைப் அடிக்கிறேன். கடை பாயுடையது. முன்னால் ஜெராக்ஸ் மிஷின், அதைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள். பின்னால், சுவரைப் பார்த்தபடி என் கணினி. வருகிறவர்களுக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும். மனுவைப் பாய் வாங்கி என்னிடம் நீட்டுவார், நான் அடித்துக் கொடுப்பேன். புது ஆளிடம் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டாவது முடித்ததும் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டதே, வாயைத் திறக்காமல் பார்க்கக்கூடிய வேலை என்பதால்தான்.

ஆயுத பூஜை லீவு முடிந்து வெள்ளிக்கிழமை காலை கடை திறந்தோம். கணினி ஓடவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, உடனே எல்லாம் நின்றது.

பாய் மெக்கானிக்குக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"பழைய பொட்டி பாய். உள்ள கரண்டு குடுக்கற பாகம் போயிருக்கும். அதுக்கு சாமான் தேடினு இருக்கறது வேஸ்ட்டு. சாயந்தரம் லேப்டாப் எடுத்துனு வரேன், இத எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுங்க."

போனை வைத்துவிட்டுப் பாய் என்னைப் பார்த்தார். "லேப்டாப்பு என் மருமவளுக்கு நல்லா வரும், அவ அடிக்கட்டும். நீ முன்னாடி ஜெராக்ஸ்ல நில்லுமா. நாலு பேரோட பேசினு இருந்தா உனக்கும் பொழுது போவும்."

நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் ஜெராக்ஸில் நிற்பதென்றால் நாள் முழுக்க முன்பின் தெரியாத முகங்கள், "எத்தனை காப்பி, முன்னும் பின்னுமா" என்று கேட்டுக்கொண்டே நிற்பது. "சரிங்க பாய்" என்றேன். எதற்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

பன்னிரண்டரைக்கு அவர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். கோர்ட்டிலும் சாப்பாட்டு நேரம் வர, கடை காலியானது. கல்வராயன் மலையிலிருந்து பட்டா மனு அடிக்க வந்திருந்த ஒரு பெண் மட்டும் பெஞ்சில் இருந்தாள். கணினி ஓடவில்லை என்று பாய் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார்.

"மூணு மணிக்குத்தான் எங்க பஸ்ஸு. வெயில்ல எங்க போவறது, இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்றாள்.

நான் தலையை ஆட்டிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். சாயந்திரம் போகப் போகிற பொருள், தொட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பொத்தானை அழுத்தி மனதுக்குள் எண்ணினேன். நாலில் நின்றது. உடனே மறுபடி அழுத்தினேன், ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்து அழுத்தினால் ஓடியது, மறுபடியும் நாலில் நின்றது. ஒயரைக் கழற்றி ஜெராக்ஸ் மிஷினின் ஒயரை மாட்டினேன். வேறு பிளக்கில் செருகினேன். அப்போதும் நாலுதான்.

கச்சிராயபாளையத்தில் என் வீட்டு மிக்ஸி சூடானால் நின்றுவிடும். ஆறுவதற்குள் மறுபடி போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் நிற்கும். இது அப்படி இல்லை. எத்தனை முறை போட்டாலும் ஒரே அளவு. இது என்ன நோய் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

பக்கத்துத் தகட்டின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே தூசி பஞ்சாக அடைந்திருந்தது. அந்தப் பெண் எழுந்து வந்து, கேட்காமலே தன் செல்போன் டார்ச்சைப் போட்டுப் பிடித்தாள்.

"இன்னாக்கா இது, கோழி அடை காத்த கூட மாதிரி கீது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டினேன். மெக்கானிக் செய்து பார்த்திருக்கிறேன் என்ற தைரியத்தில், மெமரி கார்டைப் பிடுங்கி அதன் முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்தினேன். அழுத்தினேன். அவள் வாய்விட்டு எண்ணினாள். நாலு.

"இதுக்கு எண்ணத் தெரியுதேக்கா. எங்க பம்பு செட்டு நெனச்சப்ப நிக்கும், நெனச்சப்ப ஓடும்."

அவள் விளையாட்டாகச் சொன்னதில் நான் நின்றுவிட்டேன். கெட்டுப்போன பொருள் இவ்வளவு ஒழுங்காக எண்ணுமா? நிற்கச் சொல்லி யாரோ சொல்வது போலல்லவா நிற்கிறது? இந்தப் பெட்டிக்கு ஓடு, நில் என்று சொல்வது ஒன்றே ஒன்றுதான். இந்த முறை திரையைப் பார்க்காமல் பொத்தானைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பொத்தான் வெளியே வரவில்லை. உள்ளேயே இருந்தது. கணினி நின்று வெகுநேரம் கழித்து, மெள்ள, நத்தை தலை நீட்டுவது போல வந்தது.

முன்பக்க முகப்பை நெம்பி எடுத்தேன். பொத்தானின் பின்பக்கம் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பாய்தான் பொரி, கடலை, சந்தனம் எல்லாம் வாங்கி வருவார். நான் சாமி கும்பிட்டு முடிக்கும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பொரி சாப்பிட வந்துவிடுவார். எப்போதும் பெட்டியின் தலையில்தான் பொட்டு வைப்பேன். இந்த வருஷம் அங்கே பேப்பர் கட்டு இருந்தது. நெற்றி போல இருக்கிறதே என்று பொத்தானிலேயே வைத்தேன், தாராளமாகவே. காலையில் வந்ததும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். வெளியே பளிச்சென்று ஆனது. கரைந்ததெல்லாம் இடுக்கு வழியாக உள்ளே போய்ப் பசையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஹேர்பின்னால் சுரண்டி, துணியால் துடைத்து, முகப்பை மாட்டி அழுத்தினேன். பொத்தான் 'டிக்' என்று உடனே திரும்பி வந்தது. நாலு தாண்டியது, பத்து தாண்டியது.

"பொழச்சிக்கிச்சு" என்றாள் அவள். அவளுடைய மனுவைத்தான் முதலில் அடித்தேன். சர்வே எண் சரிதானா என்று நானே அவளிடம் கேட்டேன். மூணு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

தொழுகை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மூன்றரைக்குப் பாய் வந்தார். திரையைப் பார்த்துச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இன்னாமா பண்ண?"

தூசி என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை, அத்தனை தூசி இருந்தது. ஆனால் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சந்தனம் பாய். நான்தான் பொத்தான் மேல வெச்சேன்."

பாய் தாடியைத் தடவினார். "நான் வாங்கினு வந்த சந்தனமா?"

"ஆமாங்க பாய்."

"அப்ப பாதி தப்பு என்னுது. நல்லதா குடுடான்னு கேட்டு வாங்கினேன், ஒசத்தி சரக்குதான் போல." சிரித்துக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "லேப்டாப் வேணாம்பா, பொட்டி ஓடுது. கரண்டும் இல்ல ஒண்ணும் இல்ல. பொட்டு மேட்டரு. ஆமா, எங்க டைப் அடிக்கற பொண்ணுதான் கண்டுபுடிச்சுது. அது எடத்துல அதுவே இருக்கட்டும்."

அந்த வார்த்தை போதும், நான் திரும்பி வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது.

"பாய், போனை வைக்காதீங்க. நான் ஒண்ணு கேக்கணும்."

பாய் புருவத்தை உயர்த்திப் போனை நீட்டினார். இத்தனை வருஷத்தில் அந்தக் கடைப் போனில் நான் பேசியதே இல்லை.

"பொத்தான் மாட்டிக்கினா ஏன் கரெக்டா நாலு எண்ணறதுக்குள்ள நிக்குது?"

"அதுவாக்கா, கம்ப்யூட்டரு சிக்கிக்கினா ஆஃப் பண்றதுக்கு வெச்ச வழிக்கா. பொத்தான உட்டுடாம நாலு செகண்டு அமுக்கினு இருந்தா நின்னுடும். நீங்க அமுக்கினே இருக்கீங்கன்னு அது நெனச்சிக்கிச்சு."

காலையிலிருந்து அது கெட்டுப்போகவே இல்லை. நான் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"வேற ஒண்ணும் இல்லியேக்கா?" என்று போனில் மெக்கானிக் கேட்டார்.

முன்னால் ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். பாய் அவர்களைக் கவனிக்கப் போனார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மெமரி கார்ட ரப்பரால தேய்க்கிறீங்களே, அது எதுக்கு?"