வசந்தி மாட்ட மறுத்த டயர்கள்

கொச்சியில், மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டில் ராமபத்ரனின் டயர் கடைக்கு வசந்தி பில் எழுத வந்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பிறகு கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், அந்த மகளும் பிளஸ் டூவுக்குப் போய்விட்டாள். வசந்தி அதே நாற்காலியில்தான் இருந்தாள். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து அவள் அப்பா காலத்திலேயே வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் பேச்சு தமிழ். எழுத்தும் படிப்பும் மலையாளம். கணவர் ரமேஷ்பாபு போர்ட் கொச்சியில் ஒரு சிறிய ஹோட்டலில் சமையல்காரர்.

ராமபத்ரன் நேர்மையான வியாபாரி. பழைய சரக்கைப் புதிது என்று விற்றதில்லை. ஆனால் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது: தன்னிடம் வாங்காத டயரைத் தன் கடையில் மாட்ட விடமாட்டார்.

முன்பு அந்தச் சட்டத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கொரோனாவுக்குப் பிறகு நிலைமை மாறியது. போனில் விலை பார்த்து, போனிலேயே ஆர்டர் கொடுத்து, வீட்டுக்கு வந்த டயரை டிக்கியில் போட்டுக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "இதை மாட்டித் தர முடியுமா?" என்று கேட்பார்கள். "வாங்கின இடத்துல மாட்டிக்கோங்கோ" என்பார் ராமபத்ரன். அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த முறை சாதாரண பஞ்சருக்குக்கூட இந்தப் பக்கம் வரமாட்டார்கள். டயர் கழற்றும் மெஷினுக்கு மதியம்வரை வேலையே இருக்காது. தென்காசியிலிருந்து வந்து இந்தக் கடையிலேயே தொழில் கற்ற இசக்கிமுத்து அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் வசந்தி கேட்டே விட்டாள்.

"சாமி, ஒரு காரியம் சொல்லட்டுமா? வர்றவங்களுக்கு மாட்டிக் கொடுத்து கூலி வாங்கலாமே. இந்த மாசம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியாச்சு."

"அது வெடிச்சா யார்கிட்ட வருவா, சொல்லு. போன்கிட்டயா சண்டை போடுவா? மாட்டினவன் சட்டையைத்தான் பிடிப்பா."

"பார்த்து மாட்டலாம் சாமி. நல்லதுன்னா மாட்டுவோம், இல்லேன்னா மாட்ட வேண்டாம்."

"என் கடையில அது நடக்காது. விட்டுடு."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பது வசந்திக்குத் தெரிந்தது. ஆனால் அடுத்த வாரம் அவர் இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு, ஓணத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கும் அது சுலபமாக இருக்கவில்லை. சொல்லும்போது தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று சாயங்காலம் வசந்தி கடையை அடைக்க உதவிவிட்டு, சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"நானும் நின்னுக்கிறேன் சாமி. இசக்கிமுத்துவை வச்சு நானே மாட்டுற கடை போடப் போறேன்."

ராமபத்ரன் சாவியையே பார்த்தார். "உனக்குப் பைத்தியமாக்கும்" என்றார். அதற்குமேல் தடுக்கவில்லை.

பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சுக்கு குடோனின் முன்பாதி வாடகைக்குக் கிடைத்தது. பெருக்கப் பெருக்கச் சுக்குத் தூசி வந்துகொண்டே இருந்தது; முதல் வாரம் முழுக்க இருவரும் தும்மிக்கொண்டே இருந்தார்கள். ஆலுவாவில் மூடிப்போன ஒரு ஒர்க்ஷாப்பிலிருந்து டயர் மாட்டும் மெஷினும், சக்கரத்தின் எடையைச் சமன் பார்க்கும் பேலன்சிங் மெஷினும் பழையதாக வந்தன. கூட்டுறவு சங்கத்தில் கடன் எடுத்தாள். ரமேஷ்பாபுவுக்குப் பயம்தான். ஆனாலும் லீவு நாளில் வந்து சுவருக்கு வெள்ளை அடித்தார்.

வேலை தானாக வரவில்லை. ஆன்லைனில் டயர் விற்கும் கம்பெனி ஒன்று ஊருக்கு ஊர் மாட்டும் கடைகளைச் சேர்த்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். டயர் நேராகக் கடைக்கு வந்துவிடும். வாங்கியவர் வண்டியோடு வந்தால் போதும். கம்பெனியிலிருந்து இடம் பார்க்க வந்தவர் கடைக்கு வரும் சந்தின் குறுகலைப் பார்த்துவிட்டு, பெரிய கார் இங்கே திரும்பாது, கஷ்டம் என்று மலையாளத்தில் சொன்னார்.

"சார் சாயா குடிங்க. குடிச்சு முடிக்கிறதுக்குள்ள திருப்பிக் காட்டுறோம்" என்றாள் வசந்தி.

பக்கத்துக் குடோன்காரரின் பெரிய காரை இரவல் வாங்கி, இசக்கிமுத்து அதை உள்ளே கொண்டுவந்தான். வசந்தி வெளியே நின்று கை காட்ட, இரண்டே தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பினான். வந்தவர் கிளாஸை வைத்துவிட்டு, சரி, சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

அதன்பின் வேலை வந்தது. காக்கநாட்டு ஐ.டி. ஆட்கள், தோப்பும்படி டாக்ஸிக்காரர்கள், ஹோட்டல் வண்டிகள். டயர் வந்து இறங்கியதும் வசந்தி ஒவ்வொன்றையும் புரட்டி, அது எந்த வருஷம் செய்தது என்று பக்கச் சுவரில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்ப்பாள். ராமபத்ரன் கடையில் வந்த பழக்கம். மாதக்கணக்கில் எல்லாம் நல்லதாகவே வந்தது. ஆன்லைன் என்றால் ஏமாற்று என்று சொன்னவர்களிடம், "இல்ல, நல்ல சரக்குதான் வருது" என்று அவளே வாதாடியிருக்கிறாள்.

ஆடி மாத மழையில் ஒரு சனிக்கிழமை திருப்பூணித்துறையிலிருந்து அதிதி என்ற பெண் வந்தாள். காக்கநாட்டில் வேலை. வீட்டுக்குப் பக்கத்துக் கடைகளில் அந்த வாரம் மாட்ட நேரம் கிடைக்காததால் மட்டாஞ்சேரிவரை வந்திருந்தாள். நான்கு டயர் வாங்கியிருந்தாள். அன்று காலையில்தான் அவை வந்து இறங்கின. இரண்டு அந்த வருஷத்தியவை. மற்ற இரண்டும் ஏறக்குறைய ஐந்து வருஷம் பழையவை. ஓடாத டயர்தான், துடைத்துப் பளபளவென்று இருந்தன. கிடங்கில் எங்கோ கிடந்திருக்க வேண்டும். வளைத்துப் பார்த்தபோது ஓரத்தில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன.

"இதை மாட்ட மாட்டேன்" என்றாள் வசந்தி.

அதிதிக்கு முதலில் புரியவில்லை. காட்டிச் சொன்னதும் முகம் வாடியது. "சேச்சி, நாளைக்குக் காலம்பற அப்பா அம்மாவைக் கூட்டிண்டு மூணாறு போறேன். ரூம் எல்லாம் புக் பண்ணியாச்சு. இப்போதைக்கு மாட்டிடுங்கோ. வந்தப்பறம் நான் அவாகிட்ட சண்டை போட்டுக்கறேன்."

"மாட்டிட்டா திருப்பி எடுக்க மாட்டாங்க மோளே. அதுதான் அவங்க விதி. அதுவும் மழையில மலை ஏறப் போறீங்க."

"வண்டியில இருக்கற டயர் மொட்டையாயிடுத்து. அதோட போக முடியாதே."

வசந்தி கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகவே பேசினார். அந்த டயர்கள் விற்கக்கூடியவைதான், மாட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை, வேலையை முடித்து ஆப்பில் பதிந்துவிடுங்கள் என்றார்.

"என் கையால மாட்டினா அது என் வேலை சார். மாட்ட மாட்டேன்."

அப்படியானால் உங்கள் கடையைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்றார் அவர்.

இசக்கிமுத்து நிமிர்ந்து பார்த்தான். வரும் வேலையில் முக்கால்வாசி அந்தக் கம்பெனி அனுப்புவது.  வசந்திக்குச் சங்கத்துக் கடன் நினைவுக்கு வந்தது. மகளின் காலேஜ் நினைவுக்கு வந்தது.

"எடுத்துக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"இப்ப என்னக்கா செய்யப் போறோம்?" என்றான் இசக்கிமுத்து.

"முதல்ல இந்தப் பெண்ணு மூணாறு போகணும். நீ நல்ல ரெண்டையும் மாட்டி வை."

குடையை எடுத்துக்கொண்டு பாலஸ் ரோட்டுக்கு நடந்தாள். வேலையை விட்டபிறகு அந்தக் கடைக்குள் அவள் கால் வைத்ததில்லை. ராமபத்ரன் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். ஆனால் வா என்று சொல்லவில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அளவைச் சொன்னாள். அதே பிராண்ட் டயர் இரண்டு வேண்டும் என்றாள்.

"சரக்கு இருக்கு" என்றார். "ஆனா இங்கே வாங்கினா இங்கேதான் மாட்டணும். என் சட்டம் உனக்குத் தெரியும்."

"இங்கே மாட்ட ஆளு எங்கே சாமி?"

அவர் சும்மா நின்ற மெஷின் பக்கம் பார்த்தார். இசக்கிமுத்துவுக்குப் பதிலாகக் குறைந்த கூலிக்கு வைத்த புது ஆள் ஒரு மாதம்கூட நிற்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

"வண்டி என் கடையில ஜாக்கி மேல நிக்குது. அந்தப் பெண்ணு அவளோட அப்பா அம்மாவைக் கூட்டிட்டு மலை ஏறப் போகுது. குடுக்க முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் தோப்பும்படி போய்ப் பார்க்கிறேன். இங்க நிக்க நேரமில்ல."

ராமபத்ரன் எழுந்து உள்ளே போனார். இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். வெளிச்சத்தில் வைத்து எண்ணைப் பார்த்தார். அவளையும் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு ஆட்டோவை நிறுத்தி டயர்களை ஏற்றி, ஷட்டரை இழுத்துவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு சாமி?"

"என் டயர். எப்படி மாட்டறான்னு நான் பார்க்க வேண்டாமா?"

குடோனுக்குள் வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. இசக்கிமுத்துவின் பின்னாலேயே நின்றார். "சோப்புத் தண்ணி இன்னும் கொஞ்சம் தடவுடா" என்றார். பேலன்சிங் மெஷினில் சக்கரம் சுற்றும்போது குனிந்து பார்த்து, "பழசானாலும் மெஷின் ஒழுங்காத்தான் இருக்கு" என்றார். அதிதி அவருக்குப் பணம் கொடுத்தாள். போனில் பார்த்த விலையைவிடக் கூடுதல்தான். அவள் பேரம் பேசவில்லை. வசந்தி மாட்டாமல் ஓரத்தில் ஒதுக்கிய இரண்டு டயர்களையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். "சேச்சி, இது ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். பணத்தைத் திருப்பி வாங்காம விடமாட்டேன்" என்றாள். வாங்கியும்விட்டாள், ஆனால் அதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

கம்பெனி சொன்னபடியே செய்தது. திங்கட்கிழமை முதல் வேலை நின்றுவிட்டது. அந்த மாதம் கஷ்டமான மாதம். வசந்தி தோப்பும்படி டாக்ஸி ஸ்டாண்டுக்கு நேரில் போனாள். போர்ட் கொச்சி ஹோட்டல்களில் ரமேஷ்பாபுவை வைத்துச் சொல்லி அனுப்பினாள். கடை வாசலில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு போர்டு வைத்தாள்: எங்கே வாங்கிய டயரும் மாட்டித் தரப்படும், பழைய சரக்கு மாட்டப்படாது. தமிழில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதை இசக்கிமுத்து கண்டுபிடித்தான். திருத்த நேரம் வரவில்லை. அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எந்தக் கம்பெனியும் அனுப்பாமல், டிக்கியில் டயரோடு, தாங்களாகவே வந்தார்கள். அதிதியின் ஆபீஸிலிருந்து மட்டும் ஐந்தாறு கார்கள்.

ராமபத்ரன் தன் சட்டத்தை மாற்றியதாக ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாட்ட ஆள் கிடைக்காததால், தான் விற்ற டயர்களோடு வாடிக்கைக்காரர்களை அவளிடம் அனுப்பினார். அனுப்பிவிட்டுப் போன் செய்து, மாட்டியாச்சா, வால்வு புதிதாகப் போட்டானா என்று விசாரிப்பார்.

டிசம்பரில் அந்த ஆன்லைன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வேறொருவர் பேசினார். மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி பக்கத்தில் எங்களுக்கு இப்போது கடை இல்லை, திரும்பச் சேர்வீர்களா என்று கேட்டார்.

"சேர்றேன் சார். ஆனா வந்து இறங்குற டயரை நான் பார்ப்பேன். பழசுன்னா அப்பவே லாரியில திருப்பி ஏத்துவேன். அதை எழுத்துல குடுங்க."

அப்படி யாருக்கும் கொடுத்ததில்லையே என்றார் அவர். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

"கேளுங்க. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு வசந்தி எழுந்தாள். வாசலில் ஒரு டாக்ஸி பின்பக்கமாகச் சந்துக்குள் வந்துகொண்டிருந்தது. அவள் வெளியே போய் நின்று கை காட்டினாள்.