கெல்வின் பென்னிகாட் செய்த உபகாரம்

பர்னி என்கிற கடலோர ஊரில் போய் கெல்வின் பென்னிகாட் யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டினாரே, அந்தக் கெல்வின் என்றால், "அடடே, அவரா!" என்பார்கள். நாற்பத்தொரு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் என்று சொல்லிப் பாருங்கள், மறுபடியும் முழிப்பார்கள். இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பௌலிங் கிளப்பில் அவர் குழு வாசிக்கும்போது அவருக்கு ஐந்தடி முன்னால் நின்று ஆடுகிற அதே ஜனங்கள்தான்.

பேஸ்காரன் தலையெழுத்து அப்படி. பாடுகிறவனைப் பார்ப்பார்கள். டிரம்ஸ் அடிக்கிறவன் குச்சியை ஒரு சுழற்று சுழற்றினால் வாயைப் பிளப்பார்கள். ஓரமாக நின்று மொத்தப் பாட்டையும் அடியிலிருந்து தாங்குகிறவனை ஒருத்தனும் சீந்தமாட்டான். கனமான ஸ்பீக்கர் பெட்டியை முதல் ஆளாகத் தூக்கிக்கொண்டு வருவதும் அவன்தான், கடைசி ஆளாகத் தூக்கிக்கொண்டு போவதும் அவன்தான். இடைவேளையில் யாராவது பக்கத்தில் வந்தாலும் கேட்பது ஒரே கேள்வி.

"கிட்டாருன்னா ஆறு கம்பி இருக்கும்ல? ஒனக்கு ஏன் நாலு? மிச்சம் ரெண்டு எங்க?"

"வித்து பியர் குடிச்சுட்டேன்" என்பார் கெல்வின். அதையே முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

மனிதருக்குக் கொள்கைகளுக்குக் குறைச்சல் கிடையாது. விரலால்தான் வாசிக்க வேண்டும், பிளாஸ்டிக் சில்லு வைத்து மீட்டுகிறவன் சோம்பேறி. கம்பியை மாற்றவே கூடாது. அவர் கம்பிகளுக்குப் பத்தொன்பது வயது, அவர் மனைவி லொரெய்ன் தவறித் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். பத்து ஸ்வரம் தெரிந்தால் நாலை வாசி, மிச்சத்தை வீட்டில் வை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. பேஸ்காரன் டிரம்ஸ்காரனுடைய வலது காலைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். அந்தக் கால் மிதிக்கிற மிதியில்தான் பெரிய டிரம் 'தம்' என்று விழும். அந்தத் தம்மும் பேஸ் கம்பியும் சேர்ந்து விழுந்தால் ஆடுகிறவன் கால் தானாக எழும்பும். முன்னே பின்னே விழுந்தால் அவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் போய் உட்கார்ந்துவிடுவான்.

கெல்வின் இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தது நெவ் பிராமிச்சின் காலை. நெவ் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சத்தமாகச் சிரிக்கிறவர், கெல்வினுக்கு உயிர்ச் சிநேகிதர். நாலு வருடத்துக்கு முன்னால் அவரைப் பக்கவாதம் லேசாகத் தட்டிவிட்டுப் போனது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி, வீடு என்று கிடந்துவிட்டுத் திரும்பி வந்து டிரம்ஸின் பின்னால் உட்கார்ந்தார். கை பழையபடி பறந்தது. முதல் இரண்டு சரணம் காலும் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது சரணத்தில் கால் களைத்துப்போய், இம்மி அளவு பின்னால் விழ ஆரம்பித்தது.

அதைக் கேட்ட காது அந்தக் கூடத்தில் ஒன்றே ஒன்றுதான். கெல்வின் யோசிக்கக்கூட இல்லை. விரலைப் பிடித்து நிறுத்தி, கால் வருகிறவரை காத்திருந்து, அதோடு சேர்த்துக் கம்பியைத் தட்டினார். பேஸ் தாமதித்தால் பாடுகிறவனும் தன்னையறியாமல் தாமதிப்பான். குழு மொத்தமும் ஒன்றாகச் சாய்ந்து நடந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "இப்பல்லாம் ஒங்க பாட்டு சொகுசா ஊஞ்சல் மாதிரி ஆடுதுப்பா" என்று கிளப் காரியதரிசி பாராட்டு வேறு வழங்கினார்.

அன்று முடிந்ததும் நெவ் தொடையில் ஓங்கித் தட்டினார். "பாத்தியாடா கெல்? காலு முழுசா வந்துருச்சு!"

"வந்துருச்சுடா. முன்னைக்கு இப்ப ஜோரா இருக்கு."

வேறென்ன சொல்வார்? நெவ்வின் மனைவி கிளெனிஸ் செத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அதையும் பிடுங்கிவிட்டால் ஆள் படுத்துவிடுவார். அதனால் நாலு வருடம், மழையோ வெயிலோ, ஒவ்வொரு ஞாயிறும் கெல்வின் அந்தக் காலுக்குக் காத்திருந்து வாசித்தார். லொரெய்னிடம்கூட மூச்சு விடவில்லை. நெவ்வுக்குத் தெரியக்கூடாது, வேறு யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

இதற்கு நடுவில் அவருடைய இடது கை கெட்டது. மோதிர விரல் உள்ளங்கையைப் பார்த்து வளைய ஆரம்பித்துவிட்டது. அறுத்துத்தான் நிமிர்த்த வேண்டும் என்றார்கள். இரண்டு வருடம் வரிசையில் காத்திருந்து, லான்செஸ்டன் ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது. அறுத்தால் ஆறு வாரம் கம்பியைத் தொடக்கூடாது.

குழுவில் பாட்டும் கிட்டாரும் டேமியன். பிளம்பர் வேலை, முப்பத்தெட்டு வயது, நல்ல பையன்தான், எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் அவனுக்கு. "பெருசு, ஆறு வாரமும் கிளப்ப விட்டா வேற குழுவப் போட்டுருவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன ஒன் பாகத்த மட்டும் என் லேப்டாப்புல பதிஞ்சு குடுத்துரு. நாங்க அதைப் போட்டுக்கிட்டு ஒப்பேத்திக்கிறோம்."

"நெவ்வையும் கூப்பிடு. சேர்ந்தே வாசிச்சுப் பதியலாம்" என்றார் கெல்வின்.

"அவர எதுக்கு அலைய விடணும்? லேப்டாப்பே காதுல டிக் டிக்னு தாளம் குடுக்கும். அதோட போனாப் போதும்."

அந்த இடத்தில் கெல்வின் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டேமியனுடைய கார் ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வளைந்த விரலை ஒதுக்கி மற்ற விரல்களை வைத்தே முதல் பாட்டை வாசித்தார். டேமியன் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டான். அவன் முகம் மாறிவிட்டது.

"பெருசு! என்னய்யா இது! தாளத்துல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. நீ இப்பிடி வாசிப்பேன்னு எனக்குத் தெரியவே தெரியாதே!"

நாற்பத்தொரு வருடத்தில் அவரைப் பார்த்து ஒருத்தன் சொன்ன முதல் பாராட்டு. அறுபத்தாறு வயது மனிதருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு சனிக்கிழமை, முப்பத்திரண்டு பாட்டு. யாருக்கும் காத்திருக்க வேண்டாம், யார் காலையும் பார்க்க வேண்டாம், விரல் போன போக்கில் ஓடியது. தன் கொள்கையையே மறந்து, நாலு ஸ்வரம் போதும் என்கிற இடத்தில் ஆறு, ஏழு போட்டு விளையாடினார். அந்த இரண்டு நாளும் நெவ் என்று ஒருத்தர் இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. மனிதருக்குப் புகழ் ஒட்டினால் இப்படித்தான் கண்ணை மறைக்கும்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஞாயிறே கையில் கட்டோடு லொரெய்னையும் கூட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனார். இத்தனை வருடத்தில் முதல் முறையாக மேடைக்குக் கீழே, நாற்காலியில், முன்னால் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஒரு ஸ்காலப் பையும் எலுமிச்சைச் சோடாவும். கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தார். இறைச்சித் தட்டைப் பரிசாகக் கொடுக்கிற சீட்டுக் குலுக்கல் முடிந்தது, டேமியன் லேப்டாப்பைத் தட்டினான், கெல்வினுடைய பேஸ் கூடம் நிறைய எழுந்தது.

"அட, நல்லாத்தான் இருக்கு கெல்! வீட்ல நீ வாசிச்சா எனக்குத் தட்டு அதிர்றதுதான் கேக்கும்" என்றாள் லொரெய்ன்.

இரண்டு பாட்டு தாண்டியது. மூன்றாவது, நீளமான பாட்டு. மூன்றாவது சரணத்தில் நெவ்வின் கால் இம்மி பின்னால் விழுந்தது. பேஸ் நிற்கவில்லை. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் பின்னால். பேஸ் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நெவ் திடுக்கிட்டு இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். எப்போதும் கெல்வின் நிற்கிற இடம், அங்கே ஒரு பெட்டி மட்டும் இருந்தது. கீழே கெல்வின் மேஜைக்கடியில் தன் காலால் தரையைத் தட்டி, "நில்லு, நில்லு" என்று முணுமுணுத்தார். என்றைக்கோ பதிந்தது யாருக்கு நிற்கும்?

ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். டேமியன் பாட்டை நிறுத்தி மைக்கில், "என்ன நெவ், தூக்கம் வந்துருச்சா?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். கூடம் சிரித்தது. நெவ்வும் சிரித்தார். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி அதே இடத்தில் சறுக்கியது. அதற்கப்புறம் நெவ் வலது காலை மிதியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டார். மிச்சமிருந்த பாட்டெல்லாம் வெறும் கையால் மட்டும் அடித்தார், தலை நிமிரவே இல்லை. பாவம் மனுஷன், பார்க்கப் பொறுக்கவில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நெவ் அவருடைய காரில் சாய்ந்து நின்றார். நல்ல வெயில், கடல் காற்று. கெல்வின் அரக்கப் பரக்கப் போனார்.

"அந்தப் பாழாப்போன மெஷின்ல ஏதோ கோளாறுடா. வேகமா ஓடுது."

"மெஷின் ஓடலடா. அது நீ. ஒன் விரலு எனக்குத் தெரியாதா? நீ ஒழுங்காத்தான் போற. நாந்தான் பின்னாடி வர்றேன்." குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

கெல்வின் கைக்கட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

"கேக்கறேன்ல?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைலேர்ந்து."

"நாலு வருஷம்! நாலு வருஷமா என்னைத் தூக்கிச் சுமந்துக்கிட்டு இருந்திருக்க. ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ விட்டுருவடா."

"விட்டிருப்பேன். விடறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்? அது என் காலுடா!" நெவ் கார்ச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "வருஷா வருஷம் லைசென்ஸுக்கு ஒரு ஃபாரம் வரும். கை காலு வெளங்குதான்னு கேட்டிருக்கும். வாராவாரம் டிரம்ஸ் மிதிக்கிற காலுக்கு என்ன கேடுன்னு, நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துருவேன். செவ்வாயும் வியாழனும் பேத்திய நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போறேன்டா கெல். அந்த மலை ரோட்டுல. பிரேக்க எந்தக் காலால மிதிக்கிறேன், சொல்லு?"

இருபத்தேழு வருடம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டியவர். இந்த நாலு வருடத்தில் ஒரு நாளாவது இது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. நெவ் சாவியைக் கெல்வின் பின்னாலேயே வந்து நின்ற லொரெய்னிடம் நீட்டி, "என்னை வீட்ல விட்டுரும்மா" என்றார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வீடு வருகிற வரைக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

நெவ் அடுத்த நாளே டேமியனுக்கு போன் பண்ணி, தான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். டேமியன் அழாத குறை. அப்புறம் வேறு வழியில்லாமல் டிரம்ஸையும் லேப்டாப்புக்குள் ஏற்றினான். ஆறு வாரம் கழித்து, கட்டைப் பிரித்து விரல் நிமிர்ந்ததும், "எப்ப வர்ற பெருசு?" என்று கேட்டான். "அதான் உள்ள நல்லா வாசிக்கிறேனே, அதையே வெச்சுக்க" என்றார் கெல்வின். அவன் வேடிக்கை என்று நினைத்தான். அவர் போகவே இல்லை.

நடுவில் போட்ட போனையெல்லாம் நெவ் எடுக்கவில்லை; நேரில் பார்க்கத் தைரியம் வர இன்னும் இரண்டு வாரம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனார். வாசலில் கார் இல்லை, விற்றுவிட்டாராம். பேத்தியை இப்போது அவள் அம்மா வேலையைக் கெடுத்துக்கொண்டு அழைத்துப் போகிறாளாம். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார் நெவ். மழை இந்த வருடம் கம்மி என்று பேசினார்கள். நெவ் அவர் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நல்லாத் தச்சிருக்கான்" என்றார்.

"என்மேல கோவமாடா?" என்றார் கெல்வின் கடைசியில்.

"மறைச்சதுக்கா? அது போயிருச்சு. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணிருப்பேன்."

"அப்புறம் ஏன்டா போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற?"

நெவ் ஜன்னல் பக்கம் பார்த்தார். "டேமியன்கிட்ட அந்தப் பதிவ வாங்கிட்டு வந்து போட்டுக் கேட்டேன். முப்பத்திரண்டு பாட்டையும். என்ன ஆட்டம்டா அது! அங்கங்க குதிக்கிற, சிரிக்கிற. எவ்வளவு சந்தோஷமா வாசிச்சிருக்க! இந்த நாலு வருஷத்துல என்கூட ஒரு நாள்கூட நீ அப்பிடி வாசிச்சதில்ல கெல். நான் இல்லாதப்பதான் வாசிச்சிருக்க."

இல்லடா என்று சொல்ல வாயைத் திறந்தார் கெல்வின். நாலு வருடம் அதே நெவ்விடம் கூசாமல் பொய் சொன்ன வாய்தான். இந்தப் பொய் மட்டும் வரவில்லை.

"பரவால்லடா" என்றார் நெவ். "டீயக் குடி, ஆறிப் போவுது."