என் வெர்னியர்ப்படி ஐம்பது மில்லிமீட்டர்

அடுத்தவர் ராவிய இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதற்கென்றே ஊர் ஊராக ஆள் அனுப்புவார்கள். பெங்களூரில் அப்படிப் பிதுக்கியவர்களில் நானும் ஒருவன். வேலையின் பெயர் செய்முறைத் தேர்வாளர். மற்ற நாட்களில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியர். பரீட்சை சமயத்தில் வேறொரு நிலையத்துக்குப் போய், அங்கே தேர்வுக்கு வருகிறவர்களின் கைவேலையை அளந்து மார்க் போட வேண்டும்.

விடைத்தாள் திருத்துகிறவர்களே, இன்டர்வியூ மேஜையில் அந்தப் பக்கம் உட்காருகிறவர்களே, வீட்டில் குழம்புக்கு உப்பு சரியா என்று சொல்லும் பொறுப்பில் மாட்டிக்கொண்டவர்களே, நாமெல்லாம் ஒரே கூட்டம். நம்முடைய கஷ்டம் வெளியே தெரிவதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு தேர்வு மையத்தில் இரண்டே நாளில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆறுதலாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெல்வெட் பெட்டி

வெர்னியர் என்பது இரண்டு தாடை உள்ள அளவுகோல். அளக்க வேண்டிய பொருளைத் தாடைகளுக்கு நடுவே கவ்வக் கொடுத்தால், ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்த நுணுக்கத்துக்கு அளவு சொல்லும். என்னிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. மரப்பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட். வீட்டில் என்னைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. மனைவி ஒருமுறை பெட்டியின் மேல் தூசு தட்டியதற்கே இரண்டு நாள் விளக்கம் கேட்டவன் நான்.

அந்த மையத்தின் ஆசிரியர் நாராயணப்பா. கன்னடக்காரர், தமிழும் அதே வேகத்தில் பேசுவார். நான் போய் உட்கார்ந்ததும், "நம்ம வெர்னியர் இருக்கு சார், காலையிலதான் செக் பண்ணி வெச்சேன்" என்று எடுத்து வந்து நீட்டினார். வெளித் தேர்வாளர் மையத்தின் கருவியைத் தொட்டால் நாளைக்கு யாராவது சந்தேகப்படுவார்கள் என்று அவருக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு, என் பெட்டியைத் திறந்து வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் சிவப்பு வெல்வெட்டையே பார்த்தார். "பரவால்ல சார். கல்யாணத்துக்கு வர்றவங்க சொந்தத் தட்டு எடுத்துட்டு வந்தா எங்களுக்குக் கழுவற வேலை மிச்சம்."

விரலில் விழுந்த நம்பர்

பரீட்சை இதுதான்: ஆளுக்கொரு இரும்புத் துண்டு கொடுப்போம். அதை அரத்தால் ராவி, ஒவ்வொரு பக்கமும் ஐம்பது மில்லிமீட்டர் உள்ள சதுரமாக்க வேண்டும். ஒரு நோட்டுத் தாளின் கனம், அதாவது பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர், கூடினாலும் குறைந்தாலும் மன்னிப்பு உண்டு. அதைத் தாண்டினால் தோல்வி. பளபளப்பு, மூலைமட்டம் எல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

வெளியே செய்த துண்டை டிபன் கேரியரில் வைத்து உள்ளே கொண்டுவரும் கெட்டிக்காரர்கள் உண்டு என்பதால், வேலை தொடங்குமுன் ஒவ்வொரு துண்டிலும் தேர்வாளரே நம்பர் பஞ்ச் என்ற எண் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிவெண் போட வேண்டும். மொத்தம் பதினெட்டுப் பேர். பதினொன்றாவது துண்டில் உளியை விட்டுவிட்டு என் கட்டை விரலை அடித்தேன். கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, வானிலையைக் கவனிப்பதுபோல நின்றேன்.

அந்தத் துண்டுக்கு உரியவர் ஸ்டெல்லா. நீலசந்திராவிலிருந்து வருகிறவர், முப்பது வயது இருக்கும். ஓசூர் ரோட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் எட்டு வருஷமாக ஹெல்பர். மற்றவர்கள் ராவித் தள்ளும் இரும்புத் தூளைக் கூட்டி அள்ளுவதுதான் வேலை. கம்பெனி ஹெல்பர்களை வேலையை விட்டு எடுத்துவிடப் போகிறது. சர்ட்டிஃபிகேட் வைத்திருந்தால் ஃபிட்டராக ராவும் மேஜைக்குப் போகலாம், இல்லாவிட்டால் மாசக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு முறை பரீட்சை எழுதித் தோற்றவர், இது மூன்றாவது. இவ்வளவையும் என் கட்டை விரலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். கடைசியில் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. "சார், நம்பர் இன்னும் பீஸ்ல வரல. உங்க விரல்லதான் இருக்குது."

தூக்கிக் காட்டிய துண்டு

சாயங்காலம் நான் அளந்து சத்தமாகச் சொல்ல, நாராயணப்பா எழுதிக்கொண்டே வந்தார். அன்வர் என்பவருடைய துண்டை வெர்னியர் கவ்வியதும் எனக்குப் புல்லரித்தது. ஐம்பது புள்ளி சைபர் சைபர். ஒரு கோடு கூடக் கூடவில்லை, குறையவில்லை. நான் உடனே நாற்காலியை விட்டு எழுந்து, அந்தத் துண்டை எல்லோருக்கும் தெரியும்படி உயரத் தூக்கிக் காட்டி, "வேலை என்றால் இது" என்றேன். அன்வர் ஒரு கேரேஜில் வேலை செய்கிறவர். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நாலு பக்கமும் சலாம் வைத்தார்.

ஸ்டெல்லாவுடையது ஐம்பது புள்ளி ஒன்று நான்கு. நோட்டுத் தாளின் கனத்தைத் தாண்டிவிட்டது. தோல்வி. "ஒர்க்‌ஷாப் வெர்னியர்ல நான் பாத்தேன் சார், ஐம்பது புள்ளி சைபர் ரெண்டுதான் வந்துச்சு" என்றார். அளக்கத் தெரியாவிட்டால் அப்படித்தான் வரும் என்று நான் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இந்த வரியை விட்டுவிட்டு எழுதலாமா என்றுகூட யோசித்தேன். அவர் வாதாடவில்லை. அரத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப நாளைக்கு வைவாக்கு வரட்டுமா சார், இல்ல நேரா கம்பெனிக்குப் போயி துடைப்பத்தத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடட்டுமா?"

முதல் கேள்வி

வந்தார். அடுத்த நாள் காலை வாய்மொழித் தேர்வு. எல்லாத் தேர்வாளருக்கும் மனப்பாடமாக ஒரு முதல் கேள்வி இருக்கும். என்னுடையது: "வெர்னியரைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வீங்க?" பதினெட்டில் பாதிப் பேர், "அளப்போம் சார்" என்று சொல்லி என்னிடம் மாட்டிக்கொள்வார்கள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஸ்டெல்லா மாட்டவில்லை. "நடுவுல ஒண்ணும் வெக்காம ரெண்டு தாடையயும் மூடுவேன் சார். மேல் சைபரும் கீழ் சைபரும் நேரா நிக்குதான்னு பாப்பேன். நிக்கலேன்னா அளவுகோலே தப்பு" என்றார். அழகான பதில். "செஞ்சு காட்டுங்கம்மா" என்று, வீட்டில் யாரும் தொடக்கூடாத என் வெர்னியரை நானே பெருந்தன்மையாக நீட்டினேன். அவர் தாடைகளை மூடினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மறுபடியும் திறந்து, மூடினார். "நிக்கல சார்."

நான் சிரித்தேன். சரியாக அழுத்தவில்லை, இன்னும் அழுத்துங்கள் என்றேன். அழுத்தினார். இன்னும் என்றேன். ஸ்டெல்லா வெர்னியரை மேஜையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "இதுக்கு மேல எவ்ளோ அழுத்தறது சார்? இது இரும்பு, எலுமிச்சம்பழம் இல்ல."

நீல மை

சைபர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி ஒன்று இரண்டு இருந்தது. நேற்று நான் அளந்த ஒவ்வொரு துண்டுக்கும் அவ்வளவு கூடுதலாகக் காட்டியிருக்கிறது. தாடையின் நுனியில், நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படுகிற ஒரு நெளிவு. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. முந்தின நாள் காலை பொம்மனஹள்ளி ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பெட்டி கை நழுவி விழுந்தது. நான் எடுத்து, பெட்டியில் கீறல் விழுந்ததா என்று நாலு பக்கமும் பார்த்தேன். உள்ளே பார்க்கவில்லை. பதினைந்து வருஷமாக ஊரையெல்லாம் கேட்ட கேள்வியை என்னிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நாராயணப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மார்க் ஷீட்டில் நேற்றே நீல மையால் எழுதி, இருவரும் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. திருத்தினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுத வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும். "பேடா சார், வேணாம். மையில போட்டாச்சு. அந்தம்மாவைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார். நியாயமாக அப்போதே நான் பொங்கி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. முழுசாக ஒரு டீ குடித்து முடிக்கும் வரை அவர் சொன்னதில் உள்ள வசதியை யோசித்தேன். பிறகு, டீயின் தெம்பில்தான் என்று நினைக்கிறேன், மையத்தின் வெர்னியரைக் கேட்டேன். நாராயணப்பா பீரோவைத் திறந்தார். "இதுக்கு வெல்வெட் இல்ல சார். பழைய பனியன் துணிதான். பரவால்லையா?"

அன்வர்

தாடைகளை மூடினேன். சைபரும் சைபரும் நேராக நின்றன. மூன்று முறை மூடிப் பார்த்த பிறகு பதினெட்டுத் துண்டையும் மறுபடி அளந்தேன். நான் தோற்கடித்த ஆறு பேரில் ஐந்து பேர் ஜெயித்தார்கள். ஸ்டெல்லாவின் துண்டு, அவர் சொன்னதுபோலவே ஐம்பது புள்ளி சைபர் இரண்டு. நான் ஜெயிக்க வைத்தவர்களில் ஒரே ஒருவர் தோற்றார். யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நாற்காலியை விட்டு எழுந்து நான் உயரத் தூக்கிக் காட்டிய துண்டு நாற்பத்தொன்பது புள்ளி எட்டு எட்டு. கூடியிருந்தால் இன்னும் இரண்டு இழுப்பு ராவிவிடலாம். குறைந்துவிட்ட இரும்பை எந்த அரத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அன்வரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தப்பு என் கருவியுடையது, ஆனால் உங்கள் துண்டு குறைவுதான் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது சுலபமாக இல்லை. நான் அளந்ததை அவரும் மையத்து வெர்னியரில் ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டைப் பாக்கெட்டில் போடப் போய், அது பரீட்சைத் துண்டு என்பதால் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "அடுத்த தடவை நீங்களே வந்தீங்கன்னா, அரே சார், பாஸ் பண்ணுங்க, ஃபெயில் பண்ணுங்க, தூக்கி மட்டும் காட்டாதீங்க."

காரணம் எழுதும் கட்டம்

திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் 'கருவிப் பிழை' என்று கௌரவமாக எழுதத் தொடங்கினேன். நாராயணப்பா கையைப் பிடித்துவிட்டார். கருவி என்றால் மையத்தின் கருவி என்று நினைப்பார்களாம். ஆகவே 'தேர்வாளர் தம் சொந்த வெர்னியரைச் சோதிக்காமல் அளந்தது' என்று, அவர் சொல்லச் சொல்ல, ஆறு இடத்தில் எழுதினேன். சின்ன வகுப்பில் வாங்காத தண்டனையை அன்று வாங்கிவிட்டேன்.

கடைசியாக ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, அளவு சரியாக இருக்கிறது, பாஸ் என்று சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நேற்று நான் பேசிய பேச்சுக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும்போல இருந்தது. பேனாவைத் திறந்து, "ஃபினிஷிங்குக்கு இன்னும் ரெண்டு மார்க் சேர்த்துப் போடறேம்மா" என்றேன். அவர் சட்டென்று எழுந்து வந்து மார்க் ஷீட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். "வேணாம் சார். அப்புறம் அந்த ரெண்டு மார்க்குக்கும் காரணம் எழுதுவீங்க. பாவம் பாத்து பாஸ் போட்டாங்கன்னு கம்பெனில சொல்லுவாங்க. நான் ராவினதுக்கு மட்டும் போடுங்க."

தேர்வாளர் வேலையில் உள்ள பெரிய வசதி, கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை என்பதுதான், அவன் தன் வெர்னியரை அடுத்தவர் கையில் கொடுக்காத வரைக்கும்.