உப்பில்லாத சாசேஜ்

பொன்மலை ரயில்வே காலனியில் தைரியராஜைப் போல நேர்மையான சமையல்காரர் அரிது. அந்த நேர்மையால் நஷ்டப்பட்ட ஒரே ஆள் அவர் மனைவி அக்னஸ்.

ஆங்கிலோ இந்திய அதிகாரி ஒருவரின் பங்களாவில் அவருக்கு வேலை. கிறிஸ்துமஸ் வந்தால் சாசேஜ் போடுவார். பன்றிக்கறியைக் கொழுப்போடு கொத்தி, உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் வினிகர் சேர்த்துப் பிசைந்து, கழுவிய குடலுக்குள் திணித்து, விரல் நீளத்துக்கு ஒரு முறுக்கு. மிஞ்சிய கொத்துக்கறியை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லித் துரைசாணி எப்போதோ அனுமதி கொடுத்திருந்தார். எடமலைப்பட்டி புதூர் வீட்டில் அக்னஸ் அதைச் சின்ன வெங்காயம் போட்டு வறுப்பாள்.

"சாசேஜ்ல ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கியாந்தா என்னங்க?"

"அது எண்ணி வச்சது. கொத்துக்கறியை யாரு எண்ணுறா?"

இரண்டுக்கும் அவர் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான். சரி, வீட்டிலாவது செய்து தரலாமே என்றால், "ரிடையர் ஆகட்டும்" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் ஆனார். ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்தபோது அக்னஸின் கால்கள் வீங்கியிருந்தன. சிறுநீரகக் கோளாறு என்றார் டாக்டர். உப்பு ஒரு கல்கூட ஆகாது.

"நான் பொறந்த ஊரு உப்பிலியபுரம். அப்பவே சொல்லிட்டாங்க, எனக்குத்தான் விளங்கல" என்று சிரித்தாள் அக்னஸ். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "இந்தக் கிறிஸ்துமஸுக்கு சாசேஜ் போட்டுக் குடுத்துடுங்க. அடுத்ததுக்கு நான் இருக்கேனோ என்னவோ."

பக்கத்து வீட்டு லூர்துராணிதான் குடலைக் கழுவிக் கொடுத்தாள். "ஒரு சிட்டிகை போடுங்கண்ணே. ஒரு நாள்ல என்ன ஆயிடப்போவுது?"

"டாக்டர் கூடாதுன்னுட்டாரும்மா."

பங்களாவுக்குக் கிடைத்த அதே நேர்மை டாக்டருக்கும் கிடைத்தது. உப்புப் பட்டால்தான் கொத்திய கறி பிசுபிசுத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இது அந்தக் கைக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் விரல் நோகப் பிசைந்தார். பிடிவாதம் உப்புக்கு ஈடாகும் என்று நினைத்தாரோ என்னவோ.

குடலுக்குள் போனபோது அது சாசேஜாகத்தான் இருந்தது. வாணலியில்கூட. தட்டில் வைத்து அக்னஸ் கிள்ளியதும் மணலாக உதிர்ந்தது.

அவள் உதிர்ந்ததை விரலால் கூட்டி அள்ளித் தின்றாள்.

"நல்லா இருக்குங்க. நம்ம வீட்டுக் கொத்துக்கறி மாதிரியே இருக்கு."

குத்திக்காட்டத் தெரியாதவள், பாராட்டாகத்தான் சொன்னாள். தைரியராஜ் வாணலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். ஒரு வாணலியைத் தேய்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

தவக்காலம் முடிவதற்குள் அக்னஸ் போய்விட்டாள், கடைசிவரை உப்பைத் தொடாமல். டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிழைக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தைரியராஜ் யாரும் கேட்காமலே சாசேஜ் போட்டார். உப்பு தாராளம். ஒன்றுகூட உதிரவில்லை. எண்ணாமல் தெரு முழுக்கக் கொடுத்தார்.

"உங்களுக்கு வச்சுக்கலையாண்ணே?" என்றாள் லூர்துராணி.

"எனக்குத் தனியா இருக்கும்மா."

இருந்தது. உப்புப் போடுவதற்கு முன்பே எடுத்துவைத்த ஒரு பிடி கொத்துக்கறி. சின்ன வெங்காயம் உரித்து வறுத்து, உப்பில்லாமலே தின்றார்.